குழாய் பக்கத்திலேயே இருந்தது

தண்ணீர். வெறும் பச்சைத் தண்ணீர். குழாய் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் எட்டும். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டாள். தண்ணீர் கேட்ட பிள்ளையின் கையில் காரக் கரைசலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, இப்போது அவளே ஊற்றிக்கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். அதுவும் அந்தப் பிள்ளையைப் பெற்றவளிடம். அதுவும் பதமாக.

இதில் ஒரு சொல்லையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்பின் முன்னால் நின்று தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடிகட்டி நிரம்பி வழிந்து விரலில் சுட்ட பிறகுதான் கையை நிறுத்தினாள்.

கணவன் மேசையருகே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரில் சமையல் சோடாவைக் கலக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்காவிடமிருந்து போன் வந்தால் அவனுக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். நேற்று மாலையிலிருந்து அக்கா ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் குடித்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஏப்பம் விட்டான். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சோடா அமிலத்தை அந்த நேரத்துக்கு அடக்கும், கிளம்பிய வாயு ஏப்பமாகப் போகும், வயிறு மறுபடி சுரந்துகொள்ளும், மருத்துவரைப் பாருங்கள் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வீட்டில் டீச்சர் வேலை பார்க்காதே என்பது அவனுடைய வழக்கமான பதில்.

"அக்கா ஒண்ணும் வேணும்னு செய்யல," என்றான்.

"வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம் என்ன? அந்தப் பொண்ணோட அம்மா உன்னை நம்புவாங்க. நீ பக்குவமா எடுத்துச் சொன்னா கேட்டுக்குவாங்க. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

"எதைப் பக்குவமா எடுத்துச் சொல்லணும்? அதை நீங்க ஒரு தடவை வாயால சொல்லுங்க, கேக்கறேன்."

அவன் டம்ளரின் அடியில் படிந்திருந்த வெள்ளைத் துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைக்க யார் காரணம் என்பதை மறந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றப் போனான்.

அவள் மறக்கவில்லை. நாத்தனாரும் அவளும் ஒரே பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர்கள். மாணவிகள் நாத்தனாரைப் பெரிய டீச்சர் என்றும் இவளைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர்தான் துறைக்குத் தலைவி. அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தகுதியில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சும் எழுந்து உட்காரும்.

போன வாரம் நடந்தது இதுதான். செய்முறை வகுப்பு முடிந்து மாணவிகள் போய்விட்டார்கள். அடுத்த பிரிவுக்குக் கரைசல்கள் தயாராக வேண்டும். உதவிக்கு ஒரே ஒரு பெண் நின்றாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவள் எப்போதும் நிற்பவள். பெரிய டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. "தலைகீழா நின்னாலும் இவ கேள்விக்குறிதான்" என்று வகுப்பில் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தலைகீழாக நின்றால் அது கொக்கி மாதிரி இருக்கும் டீச்சர், எதையாவது மாட்டி இழுக்கலாம் என்று பதில் சொன்னாள்.

பெரிய டீச்சர் பெரிய பாட்டிலிலிருந்து அடர் கந்தக அமிலத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றினாள். சின்ன பாட்டிலைப் பெண் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரிய பாட்டில் கையில் சற்றே நழுவியது. அமிலம் பெண்ணின் வலது புறங்கையில் வழிந்தது. அவ்வளவுதான். கை தவறுவது யாருக்கும் நடக்கும், யானைக்கும் அடி சறுக்கும். அதற்காக அவள் நாத்தனாரை ஒரு சொல் சொல்லமாட்டாள்.

பெண் பாட்டிலை மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, ஆமாம், அந்த நிலையிலும் பத்திரமாக வைத்துவிட்டு, குழாயை நோக்கி ஓடினாள். பெரிய டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "தண்ணி பட்டா கொதிக்கும்டி, நில்லு" என்றாள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று ஆண்டுக்காண்டு சொல்லிச் சொல்லி நாக்கில் பதிந்த விதி அது. குவளைக்கான விதி. தோலின் மீது வழிந்துவிட்டால் விதி வேறு: குழாயை முழுதாகத் திறந்து, வெள்ளமாக விட்டு, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பெரிய டீச்சரின் மூளைக்குள் குவளைதான் இருந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று சுவரில் எழுதியிருந்தது. அலமாரியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. வேதியியல் தெரியாத ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது.

"தண்ணி டீச்சர், தண்ணி," என்று அந்தப் பெண் கத்தினாள். அறையின் மறுகோடியில் பியூரெட் கண்ணாடிக் குழல்களைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்த சின்ன டீச்சர் திரும்பிப் பார்த்து ஓடி வருவதற்குள் காரப் பாட்டில் அந்தக் கையின்மேல் கவிழ்ந்துவிட்டது. அவள்தான் அந்தக் கையைப் பிடுங்கிக் குழாயின் அடியில் பிடித்தாள். பிடித்தபோது பெண்ணின் புறங்கை அவள் விரலுக்குள் வழுக்கியது, சோப்புப் போட்ட கை மாதிரி. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். காரம் கொழுப்பைத் தொட்டால் சோப்பாகும். எட்டாம் வகுப்புப் பாடம். அந்தக் கொழுப்பு அந்தப் பிள்ளையின் தோல்.

அன்றிலிருந்து அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சோப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தாள்.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தாள். அங்கிருந்த மருத்துவர், அமிலமாவது மேல்தோலைப் பொசுக்கி அதையே ஒரு தடுப்பாக்கிக்கொள்ளும், காரம் கரைத்துக்கொண்டே உள்ளே போகும் என்றார். அமிலத்தில் வெந்தது ஒன்று, அதற்குமேல் இரண்டும் சேர்ந்த சூட்டில் வெந்தது இன்னொன்று, அதற்கும் கீழே காரம் ஊறி இறங்கியது மூன்றாவது என்றார். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும். விரல்கள் எந்த அளவுக்கு மடங்கும் என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும். எந்தப் புண்ணியவான் காரத்தை ஊற்றியது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பெண்ணின் தாய் தையல் வேலை செய்பவள். மகளுக்கு அப்பா இல்லை. பேசும்போது அவளுடைய விரல்கள் கட்டில் விரிப்பின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலைத் தேடித் தடவிக்கொண்டிருந்தன.

"பொண்ணு பயந்துபோய் தானே எடுத்து ஊத்திக்கிட்டான்னு ஸ்கூல்ல சொல்றாங்க டீச்சர். இவ இல்லங்கறா. இவளுக்கு வாய் அதிகம், நான் இல்லங்கல. பொய் வராது. ஆனா பெத்தவ பேச்சு அங்க எடுபடுமா? நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க அங்கதான இருந்தீங்க. நீங்க எது சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

அதற்குப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செவிலி கட்டு மாற்ற வந்து எல்லோரையும் திரைக்கு வெளியே போகச் சொன்னாள். திரைக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் மட்டும் வந்தது.

"டீச்சர், நல்லவேளை. அதுக்கு மேல மறுபடி அமிலம் ஊத்தி சரிபண்ணாம விட்டாங்களே."

தாய்க்கு அது புரியவில்லை. மகள் சிரிக்கிறாள் என்று அவளும் லேசாகச் சிரித்தாள். இதை நினைத்துத்தான் சின்ன டீச்சருக்கு நேற்றிரவு தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணே ஊற்றிக்கொண்டாள் என்று முடிவானால் அதோடு விடமாட்டார்கள். அனுமதியில்லாமல் அலமாரியைத் திறந்தாள், டீச்சர் சொல்லைக் கேட்கவில்லை, ஆகவே ஒழுங்கீனம். அறிவியல் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். தலைமையாசிரியர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: அந்தக் கையை வைத்துக்கொண்டு இனிமேல் செய்முறை எல்லாம் எப்படியும் சிரமம்தானே, மாறினால் அவளுக்கும் நல்லதுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியையும் சுமந்து வெந்த கையையும் சுமக்க ஒரே பிள்ளை போதும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

பள்ளிக்குப் போகும் வழியில் சின்ன டீச்சருக்குக் கைவிரல்கள் மரத்துக் குறுகுறுத்தன. பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வேகமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதைக்கூட அந்தப் பெண் வகுப்பில் கேட்டிருக்கிறாள். கோபம் வந்தால் மூச்சு வாங்குகிறதே டீச்சர், கரியமில வாயு நிறைய வெளியே போனால் ரத்தம் காரப் பக்கமாகப் போய்விடாதா? போகும், கொஞ்சம் போகும், விரல் நுனி குறுகுறுக்கும், அப்புறம் உடம்பு சரிசெய்துகொள்ளும் என்று இவள் பதில் சொன்னாள். அப்படியானால் கோபக்காரர்களுக்கு அமிலம் அதிகம் என்று சொல்வது தப்புதானே என்று அடுத்த கேள்வி வந்தது. வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டது.

அன்றைய பாடம் தாங்கல் கரைசல். வாரங்களுக்கு முன்பே போட்ட பாடத்திட்டம், யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. வலதுபுறம் இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் யாரோ புத்தகப் பையை வைத்திருந்தார்கள், அவள் பார்த்ததும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு குவளைகள் வைத்தாள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் தாங்கல் கரைசல், இரண்டிலும் நிறங்காட்டி. தண்ணீரில் ஒரு துளி அமிலம் விழுந்ததும் நிறம் மாறியது. மற்ற குவளையில் துளிமேல் துளியாக விட்டாள். மாறவில்லை. பெண்களுக்கு முதலில் வியப்பு, பிறகு சலிப்பு. ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

அவளுக்கு நாத்தனார் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. ஏதோ ஒரு குடும்ப விருந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த நேரம். "இவ நம்ம வீட்டு தாங்கல் கரைசல். யார் எதை ஊத்தினாலும் நிறம் மாறாது" என்று நாத்தனார் சொன்னாள். வேதியியல் தெரியாதவர்களுக்கு அதை விளக்கவும் விளக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். சிரித்தது மட்டுமில்லை, உள்ளூரக் குளிர்ந்தும் போனாள். அதை இப்போது நினைக்கும்போது காது சூடாகியது.

நாத்தனார் மாமனாரிடம் வெடுக்கென்று பேசிவிட்டுப் போனால், அக்கா அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை மாமா என்று போய் நின்றது இவள். மாமனார் பதிலுக்குச் சொன்னதில் முள்ளை எடுத்துவிட்டு மீதியைக் கொண்டுபோய் அங்கே சேர்த்தது இவள். நாத்தனார் வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டு, காணாமல்போன மோதிரம் சோப்புப் பெட்டிக்குள்ளேயே கிடைத்தபோது, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசியது யார்? அந்தப் பெண் அன்று வாசலிலேயே நிற்கவைத்து, நீங்க எதுக்கும்மா வந்தீங்க, சொன்னவங்கதான வரணும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியையும் இவள் தனக்குள் வாங்கிக்கொண்டு, அவ கோவம் போயிடுச்சுக்கா என்று நாத்தனாரிடம் வந்து சொன்னாள். குடும்பத்தில் எல்லோரும் அவரவர் குணத்தோடு இருந்தார்கள். இவள்தான் தன் குணம் என்னவென்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

"ரத்தமும் இதே வேலையைத்தான் செய்யுது," என்று வகுப்பிடம் சொன்னாள். ஓடும்போது தசையில் அமிலம் சேர்கிறது. ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அதை வாங்கிக்கொள்கிறது. கரியமில வாயுவாக மாறியதை நுரையீரல் வெளியே தள்ளுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கிறது. ரத்தம் தாங்குவது அதனால்தான். வாங்கியதை வெளியேற்ற அதற்கு வழி இருக்கிறது, தீர்ந்ததை நிரப்ப ஆள் இருக்கிறது. இந்தக் குவளைக்கு மூச்சு கிடையாது, சிறுநீரகமும் கிடையாது. உள்ளே இருப்பது தீரும்வரை தாங்கும்.

சொல்லிக்கொண்டே விட்ட துளியில் குவளையின் நிறம் மாறியது. கொட்டாவி விட்டவள்கூட நிமிர்ந்தாள். கடைசியாக விழுந்த துளி முதல் துளியைவிடப் பெரியதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவள் அன்று வரவில்லை.

மதியம் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நாத்தனார் காத்திருந்தாள். புடவை மடிப்பு கலையவில்லை, ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளும் தூங்கவில்லை. இவளைப் பார்த்ததும் கையைப் பற்றி நடைவழியின் ஓரத்துக்கு அழைத்துப்போனாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கெடுதல் நினைச்சேனா சொல்லு. காப்பாத்தணும்னுதான் என் கை அந்த பாட்டிலுக்குப் போச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அது போதும். உள்ள நீ ஒண்ணும் பெருசா பேச வேண்டாம். சார் சொல்லுவார். நீ ஆமான்னு தலையாட்டினா முடிஞ்சுது. அந்தம்மாவை அப்புறம் நாமளே நல்லா பாத்துக்கலாம்."

"அக்கா, நீங்களே சொல்லிடுங்களேன். பதறிட்டேன், தண்ணின்னு தோணலன்னு. அந்தம்மா புரிஞ்சுக்குவாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவள் அதை உண்மையாகவே சொன்னாள். நாத்தனாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ இளகியது. அந்த ஒரு கணத்தில், இது இப்படியே முடிந்துவிடும், சேர்ந்தே உள்ளே போவோம் என்று அவள் நம்பினாள்.

"இருபது வருஷமா வேதியியல் நடத்தறவ தண்ணி ஊத்தத் தெரியாதவன்னு பேரெடுக்கணுமா?" என்றாள் நாத்தனார். கையை விட்டாள். "உனக்கு எங்க வீட்டுல என்ன குறை வெச்சோம்? தலையை ஆட்டினா கிரீடம் விழுந்துடுமா?"

உள்ளே கூப்பிட்டார்கள்.

அறையில் நாற்காலிகள் போடப்பட்டிருந்த விதமே எல்லாவற்றையும் சொல்லியது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர், அவருக்கு அருகில் இரண்டு ஆசிரியர்களுக்கும் இடம். இந்தப் பக்கம் ஒரே நாற்காலி, அதில் அந்தத் தாய். மடியில் ஒரு துணிப்பை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முந்தானையில் ஒரு நூல்துண்டு ஒட்டியிருந்தது. சின்ன டீச்சரைப் பார்த்ததும் தோள்கள் தளர்ந்தன. இனிமேல் பயமில்லை என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். மெதுவாக, இடையிடையே அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைகள் இந்த வயதில் அப்படித்தான், கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் அவசரம். அமிலம் லேசாகத்தான் பட்டது. பெரிய டீச்சர் தண்ணீரில் பிடி என்று சொல்லச் சொல்ல, இவளே புத்திசாலித்தனம் என்று நினைத்துப் பாட்டிலை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

தண்ணீரில் பிடி என்று சொல்லச் சொல்ல. சின்ன டீச்சர் அந்த வாக்கியத்தைத் தனக்குள் மறுபடி கேட்டாள். கையில் ஊற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பதற்றம் என்று சொல்லலாம். அந்தப் பிள்ளை கத்தியதை, அவளுக்குத் தெரிந்திருந்த அந்த ஒரே சரியான சொல்லை, அவள் வாயிலிருந்து பிடுங்கி அவளைத் தடுத்தவளின் வாயில் வைத்துவிட்டார்கள். சின்ன டீச்சரின் விரல்களுக்கிடையில் அந்த வழுவழுப்பு மறுபடி வந்தது. புடவையில் துடைத்தாள். மூச்சு வேகமாகிறது என்று தெரிந்து, நிதானமாக ஒருமுறை இழுத்து, நிதானமாக விட்டாள்.

"இதை நாங்க சொன்னா உங்களுக்குச் சந்தேகமா இருக்கலாம்மா," என்றார் தலைமையாசிரியர். "டீச்சர் அங்கயே இருந்தாங்க. அவங்களையே கேளுங்க. அப்படித்தான டீச்சர் நடந்துது?"

நாத்தனாரின் முழங்கை அவள் முழங்கையை லேசாகத் தொட்டது. எதிரே அந்தத் தாய், என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளத் தயாராக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் தலை தானாகவே அசைய ஆயத்தமாக இருப்பதைக் கழுத்தில் உணர்ந்தாள். அதை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றாள், குரலை உயர்த்தாமல்.